கரணையின் இயற்பியல்: மிருதங்க நாத ஆய்வின் வரலாறு

வீணைத் தந்தியை மீட்டினால் சுருதி தெளிவாக நிற்கிறது. வெறும் தோல் போர்த்திய முரசைத் தட்டினால் ஓசை எழுகிறதே தவிர, இன்ன சுரம் என்று சொல்ல முடிவதில்லை. மிருதங்கமும் தோற்கருவிதான், ஆயினும் அதன் வலப்பக்கத் தோலாகிய வலந்தலை பாடகரின் ஆதார சட்ஜத்தோடு இழைந்து ஒலிக்கிறது. இதற்கான காரணத்தை இயற்பியல் எவ்வாறு படிப்படியாகக் கண்டறிந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கருவி செய்வோர் செவியாலும் கையாலும் எட்டியிருந்த தீர்வுக்கே அறிவியல் பின்னர் விளக்கம் தந்தது என்பது இதன் கருதுகோள்.

தந்தியும் தோலும்

இரு முனையும் கட்டப்பட்ட தந்தி முழுதாகவும், இரண்டாகவும், மூன்றாகவும் பகுந்து ஒரே நேரத்தில் அதிர்கிறது. அதன் அதிர்வெண்கள் 1 : 2 : 3 : 4 என்ற முழுஎண் விகிதத்தில் அமைகின்றன. இவ்வாறு அமைந்த மேற்சுரங்கள் காதில் தனித்தனியாகப் பிரியாமல் ஒரே சுருதியாக ஒன்றுவதை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார்.

வட்டத் தோலின் நிலை வேறு. அதன் அதிர்வெண்கள் 1 : 1.59 : 2.14 : 2.30 : 2.65 : 2.92 என்று போகின்றன. இவற்றில் முதலாவதைத் தவிர எதுவும் முழுஎண்ணாக இல்லாததால் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இணங்குவதில்லை. ரேலி பிரபு 1877 முதல் வெளியிட்ட ஒலியியல் நூல் இக்கணிதத்தைத் தொகுத்துத் தந்தது. ஐரோப்பியரின் டிம்பனி முரசில், தோலோடு சேர்ந்து அசையும் காற்றின் பாரம் சில அதிர்வுகளை இசைவுக்கு அருகே கொண்டுவருகிறது. தந்திக்கு ஈடான முழு இசைவு அதிலும் கிட்டவில்லை.

ராமனின் ஆய்வுகள்

திருச்சி அருகே திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சி. வி. ராமன், 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். அலுவல் போக மீந்த நேரத்தை இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில் செலவிட்டார். ஒளிச்சிதறல் ஆய்வால் உலகறியப்படுவதற்கு முன்பே வயலின், வீணை, தம்புரா ஆகியவற்றின் அதிர்வுகளை அவர் ஆராய்ந்திருந்தார். 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதிய சிறு குறிப்பில், இந்தியத் தாளக்கருவிகளின் மேற்சுரங்கள் முழுஎண் விகிதத்தில் அமைந்துள்ளன என்று அறிவித்தார்.

பெங்களூருக்கு வந்தபின் 1934இல் வெளியிட்ட கட்டுரையில் இதை விரிவாக நிறுவினார். தோலின்மீது மெல்லிய மணலைத் தூவி வாசித்தால், அதிராத இடங்களில் மணல் ஒதுங்கிக் கோடுகளாகப் படியும். இக்கணுக் கோடுகளைக் கொண்டு ஒன்பது அதிர்வு வகைகளை அவர் இனங்கண்டார். அந்த ஒன்பதும் ஐந்தே சீரிசைகளாக (அடிப்படை அதிர்வெண்ணின் முழுஎண் மடங்குகளாக) திரண்டிருந்தன: முதலாவதிலும் இரண்டாவதிலும் ஒவ்வொன்று, மூன்றாவதிலும் நான்காவதிலும் இரண்டிரண்டு, ஐந்தாவதில் மூன்று. ஐந்தாம் சீரிசைக்கு மேற்பட்ட ஒலிகளை, மீட்டு எனப்படும் விளிம்பிலுள்ள வளையத் தோல் அடக்கிவிடுகிறது என்பதையும் அவர் சுட்டினார்.

‘நம்’ என்ற மிருதங்கச் சொல்லை வாசிக்கும் விதம் இதற்கு நல்ல சான்று. மோதிரவிரல், வலந்தலையின் நடுவிலுள்ள கருவட்டமாகிய கரணையின் ஓரத்தில் மெல்லப் படிந்திருக்க, ஆள்காட்டி விரல் மீட்டில் விழுகிறது. படிந்த விரல் அடிப்படை அதிர்வைத் தடுத்துவிடுகிறது. தோலின் குறுக்கே ஒரு கணுக் கோடு உருவாகி, இரண்டாம் சீரிசை துலங்குகிறது. குரு விரலைப் பிடித்து வைத்துக் கற்பிக்கும் அந்த இடமே, கணு அமைய வேண்டிய இடமாகவும் இருக்கிறது.

கரணை செய்யும் வேலை

தோலின் நடுவே பாரம் ஏற்றும் வழக்கம் மிகப் பழையது. ஆற்றங்கரைக் கரிய மண்ணைப் பூசிச் சுருதி சேர்ப்பதை நாட்டிய சாத்திரம் கூறுகிறது. சங்கப் பாடல்களிலும் மண் அமைந்த முழவு இடம்பெறுகிறது. இன்றைய கரணை அதன் நிலைத்த வடிவம். சோற்றுடன் இரும்புத்தாது கொண்ட கருநிறக் கல்லின் பொடியைப் பிசைந்து, சிறிது சிறிதாக வைத்து, வழவழப்பான கல்லால் தேய்த்து, அடுக்கடுக்காக ஏற்றுகிறார்கள். தேய்க்கத் தேய்க்க அதில் நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன. அவற்றால்தான் கரணை கட்டிதட்டிப் போகாமல் தோலோடு சேர்ந்து வளைகிறது.

அடிப்படை அதிர்வில் தோலின் நடுப்பகுதியே மிகுதியாக அசைகிறது. ஆகவே நடுவில் ஏற்றிய பாரம் அதன் அதிர்வெண்ணை நன்றாகக் கீழிறக்குகிறது. அடுத்த அதிர்வில் கணுக் கோடு நடுவழியே செல்வதால் பாரம் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. இதனால் இரண்டுக்கும் இடையிலான விகிதம் 1.59இலிருந்து 2 வரை விரிகிறது. மற்ற விகிதங்களும் இவ்வாறே முழுஎண்களை நெருங்குகின்றன.

இதைக் கணிதமாக வடித்தவர்கள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் எம். எம். சோந்தியும் ஆவர். அடர்த்தி மிகுந்த நடுவட்டமும் அடர்த்தி குறைந்த வெளிவட்டமும் சேர்ந்த கூட்டுச் சவ்வாக இத்தோலைக் கொண்டு 1954இல் அவர்கள் கணித்தனர். நடுவட்டத்தின் ஆரம் முழு ஆரத்தில் சுமார் 0.4 பங்காக இருக்கையில், ராமன் கண்ட சீரிசைகளுக்கு நெருக்கமான மதிப்புகள் கிடைத்தன.

முடிவுரை

கரணையின் அகலம், கனம், நடுவிலிருந்து ஓரம்வரை அது சரியும் விதம் ஆகிய எதையும் சமன்பாட்டைப் பார்த்து எவரும் அமைக்கவில்லை. பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்து போன்றவர்களின் உழைப்பில் விளைந்த அறிவு அது. இக்கைவினைஞர்களின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020இல் தம் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலில் பதிவுசெய்தார். ஒலியியல் ஆய்வுகள் இந்தப் பக்கத்தை இன்னும் போதிய அளவு தொடவில்லை. ஒவ்வோர் அடுக்கு ஏறும்போதும் கைவினைஞர் எதைக் கேட்டு எதைத் திருத்துகிறார் என்பதை அவரோடு அமர்ந்து அளந்து பதிய வேண்டும். வெளிவரும் ஆய்வில் அவர் பெயரும் ஆசிரியர் பெயராக இடம்பெற வேண்டும். நம் பல்கலைக்கழகங்களின் இசைத்துறையும் இயற்பியல் துறையும் இணைந்து இப்பணியை மேற்கொள்வது அவசியம்.