வைப்பர் கையும் ஒரு பழைய கேள்வியும்



ஐப்பசி மழை தொடங்குவதற்குள் வீட்டிலிருக்கும் பழைய மாருதி 800-இன் முன்கண்ணாடிக்குக் கீழே பிடித்த துருவைச் சுரண்டி பெயின்ட் அடித்துவிடலாம் என்று நேற்று உட்கார்ந்தேன். அதற்கு வைப்பர் கையைக் கழற்ற வேண்டும். மூடியை எடுத்துவிட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நட்டைக் கழற்றினேன். கை அசையவே இல்லை. ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பப் போனேன்.

தெருமுனையில் ஒர்க் ஷாப் வைத்திருப்பவர் என்னிடம் படித்தவர்தான். ஓடிவந்து தடுத்தார். "சார், நெம்பாதீங்க, கண்ணாடி போயிடும்" என்றார். கை உட்காரும் தண்டில் நுண்ணிய பற்கள் உண்டு. பல வருட மழையில் அந்தப் பற்களுக்குள் துரு இறுகிப்போயிருக்கும். அவர் முதலில் பிளேடு நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் டேப் ஒட்டி அடையாளம் வைத்தார். துரு இளக்கும் எண்ணெய் விட்டு அரை மணி ஊறவிட்டார். நட்டை இரண்டு சுற்று மட்டும் திரும்பப் போட்டு, கையை மெல்ல ஆட்டினார். 'டக்' என்று விட்டுக்கொடுத்தது. நட்டு இல்லாமல் ஆட்டினால் கை தெறித்து பெயின்டில் விழும் என்றார்.

காத்திருந்த அந்த அரை மணியில்தான் மேரி ஆண்டர்சன் நினைவுக்கு வந்தார்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்காரர். ஒரு குளிர்காலத்தில் நியூயார்க் போனவர், அங்கே டிராம் வண்டியில் ஏறினார். பனியும் மழையும் கலந்து கண்ணாடியை மறைத்தன. ஓட்டுநர் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஈரக் காற்று முகத்தில் அடிக்க ஓட்டினார். ஊர் திரும்பிய மேரி, வண்டிக்குள்ளிருந்தே நெம்புகோலால் இயக்கக்கூடிய, ரப்பர் பொருத்திய கை ஒன்றை வடிவமைத்தார். 1903 நவம்பர் 10-இல் காப்புரிமை கிடைத்தது. மழையில்லாத நாளில் அந்தக் கையை எளிதாகக் கழற்றி வைத்துவிடலாம். நேற்று நான் பட்ட பாட்டை எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

1905-இல் கனடாவில் ஒரு நிறுவனத்துக்கு அதை விற்க முயன்றார். வணிக மதிப்பு இல்லையென்று மறுத்துவிட்டார்கள். அன்று கார்களே மிகக் குறைவு. ஃபோர்டின் 'மாடல் டி' வந்ததே 1908-இல்தான். கார்கள் பெருகி எல்லோருக்கும் வைப்பர் தேவைப்பட்ட காலத்தில், 1920-இல், அவருடைய 17 ஆண்டு காப்புரிமை முடிந்துபோனது. கண்டுபிடிப்பால் அவருக்குக் காசு வரவில்லை. அதே காலத்தில் வேறு சிலரும் இப்படி முயன்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும், பயன்படத்தக்க முதல் வைப்பர் என்று பொதுவாக மேரியுடையதையே சொல்கிறார்கள்.

பிறகு இன்ஜினின் உறிஞ்சுவிசையால் ஓடும் வைப்பர்கள் வந்தன. மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அவை சோர்ந்து நின்றுவிடும். மின்மோட்டார் பரவலான பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. மேரி 1953-இல் காலமானார். அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்கில் அவர் பெயர் இடம்பெற்றது 2011-இல்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். "சார், இதுல பொம்பளைங்க யாருமே இல்லையா?" என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள். "இருப்பாங்கம்மா, பரீட்சைக்கு வராது, உட்கார்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவள் அதற்குப் பிறகு என் வகுப்பில் கேள்வி கேட்டதாக நினைவில்லை.

அம்மா, இதை நீ படித்தால் உன் கேள்விக்கான பதில் இதுதான். மிகவும் தாமதமாகத் தருகிறேன், மன்னித்துக்கொள். இன்று ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்கள், பட்டியல் எழுதும்போது மேரியின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

கார் தயார். மழை வரட்டும்.