சொல்லும் பொருளும்: சென்னை முதல் ஐதராபாத் வரை தடயவியல் சான்றின் வரலாறு

முன்னுரை

நிகழ்ந்துவிட்ட குற்றத்தை மெய்ப்பிப்பது எது? கண்டவர் சொல்லா, குற்றஞ்சாட்டப்பட்டவரின் ஒப்புதலா, நிகழிடத்தில் எஞ்சிய பொருளா? இவ்வினாவிற்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை கண்டுள்ளது. தடயவியலின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகின்றது. இக்கட்டுரை அதனைச் சான்றின் வரலாறாகக் காண முற்படுகின்றது. 1849இல் சென்னையில் தொடங்கிய வேதியியல் ஆய்வு, 1980களின் இறுதியில் ஐதராபாத்தில் மரபணு ஆய்வாக வளர்ந்தமை, வதைத்துப் பெற்ற சொல்லை விடுத்துப் பொருளை நாடிச் சென்ற ஒரு நீண்ட பெயர்ச்சியின் பகுதி என்பது இதன் கருதுகோளாகும்.

இலக்கியம் காட்டும் இரு வழக்குகள்

தமிழ் இலக்கியத்தில் புகழ்பெற்ற இரு வழக்குகள் இங்கு ஒப்புநோக்கத்தக்கன. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் பொற்கொல்லன் சொல்லைக் கேட்டே கோவலனைக் கொல்ல ஆணையிடுகின்றான். சான்றாகிய சிலம்பு கைக்கெட்டும் நிலையில் இருந்தும் அதனை ஆராயவில்லை. கண்ணகி வழக்குரைத்து, தன் சிலம்பில் மாணிக்கம் பரல்களாக இருப்பதைக் கூறி, சிலம்பை உடைத்துக் காட்டிய பின்னரே உண்மை வெளிப்படுகின்றது. அவள் செய்தது ஒரு பொருட்சோதனை. ஆயின் அது தண்டனைக்குப் பின் நிகழ்ந்த சோதனை.

பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணம் காட்டும் முறை வேறு. சுந்தரர் படியோலையைக் கிழித்தெறிந்தபின், முதியவர் திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூல ஓலையைக் காட்டுகின்றார். அவையோர் அதனை அப்படியே ஏற்கவில்லை. சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டன் எழுத்தும் ஒத்திருப்பதைக் கண்ட பின்னரே தீர்ப்பு வழங்குகின்றனர். ஐயத்திற்குரிய எழுத்தை ஐயமற்ற எழுத்தோடு ஒப்பிடும் இம்முறையே இன்றும் ஆவண ஆய்வின் அடிப்படை. முதல் வழக்கில் சோதனை பிந்தியது. இரண்டாம் வழக்கில் முந்தியது. இருவேறு முடிவுகளுக்கும் இவ்வேறுபாடு ஒரு காரணம் எனலாம்.

சென்னை: நஞ்சும் வதையும்

இந்தியாவில் அரசு வேதியியல் பகுப்பாய்வாளர் அலுவலகம் முதலில் நிறுவப்பட்ட இடம் சென்னை, ஆண்டு 1849. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் ஆகியன பின்னரே இதனைப் பெற்றன. நஞ்சூட்டல் வழக்குகளில் இறந்தோரின் உள்ளுறுப்புகளைச் சோதிப்பது இதன் தலையாய பணி. பாடாணம் எனப்படும் ஆர்சனிக் நஞ்சின் அறிகுறிகள் வாந்திபேதியை ஒத்தவை. ஆதலால் கொள்ளைநோய் மிகுந்த காலத்தில் கொலையை நோய்ச்சாவாக மறைப்பது எளிதாக இருந்தது. 1836இல் ஜேம்ஸ் மார்ஷ் வெளியிட்ட சோதனை, மிகச்சிறு அளவு ஆர்சனிக்கையும் கண்ணாடியின்மீது கரும்படிவாகக் காட்டிற்று. கண்ணால் கண்டவர் எவரும் இல்லாத குற்றத்திற்கு உடலே சான்றாயிற்று.

இதே காலப்பகுதியில் மற்றோர் ஆவணமும் சென்னையிலிருந்தே வெளிவந்தது. சென்னை மாகாணத்தில் நிகழ்ந்த வதைகளை விசாரித்த ஆணையம் 1855இல் அறிக்கை அளித்தது. வரி தண்டுவதற்கும் ஒப்புதல் பெறுவதற்கும் மக்கள் வதைக்கப்பட்டமையை அது பதிவு செய்தது. 'கிட்டி', 'அண்ணாந்தாள்' என்னும் தமிழ்ச்சொற்கள் வதைமுறைகளின் பெயர்களாக அவ்வாங்கில அறிக்கையில் இடம்பெற்றன. விரல்களை நெரிக்கும் கருவி கிட்டி. உடலை வளைத்துக் கட்டி நிறுத்துவது அண்ணாந்தாள். தமிழ்ச்சொற்கள் ஆட்சிமொழிக்குள் புகுந்த வாயில்களுள் இதுவும் ஒன்று என்பது வருந்தத்தக்க உண்மையாகும்.

வேதியியல் அலுவலகமும் வதை அறிக்கையும் ஒன்றிலிருந்து ஒன்று தோன்றியவை அல்ல. எனினும் ஒரே நகரில், ஆறாண்டு இடைவெளியில், சான்று பெறும் இருவேறு வழிகளை அவை காட்டுகின்றன. பின்னர் 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் 1872இன் சான்றுச் சட்டமும் காவலரிடம் அளிக்கும் ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்க இயலாது என விதித்தன. எனினும் சான்றுச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, அவர் கூறியதன் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதனோடு தொடர்புடைய கூற்றின் பகுதியை மட்டும் ஏற்றது. சொல்லுக்குப் பொருளே பிணை என்னும் நெறியை இதனுள் காணலாம்.

விரல்ரேகையின் வருகை

1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பணியகம் நிறுவப்பட்டது. எட்வர்டு ஹென்றியின் பெயரால் உலகெங்கும் வழங்கும் ரேகைப் பகுப்புமுறையை உருவாக்கியதில் அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இந்தியக் காவல் அலுவலர்களின் பங்கு பெரிது. வங்காளத்து ஜல்பைகுரியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொலையுண்ட வழக்கு, 1898இல், இம்முறையின் தொடக்கச் சோதனையாக அமைந்தது. பஞ்சாங்கம் ஒன்றில் பதிந்திருந்த பெருவிரல் கறை பழைய பணியாள் ஒருவரின் ரேகையோடு ஒத்திருந்தது. நீதிமன்றம் அவரைத் திருட்டுக் குற்றத்திற்குத் தண்டித்தது. கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ரேகை ஒருவர் அப்பொருளைத் தொட்டமையைக் காட்டும், கொன்றமையைக் காட்டாது. பொருட்சான்றின் வலிமையோடு அதன் எல்லையும் முதல் வழக்கிலேயே உணரப்பட்டது.

தமிழகத்தில் பொதுமக்கள் இம்முறைகளைப் பரவலாக அறியச் செய்தது 1952இன் ஆளவந்தார் கொலை வழக்கு. தொடர்வண்டியில் ஒரு பெட்டியினுள் தலையற்ற உடல் மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது. தலை சென்னை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒருவருக்கே உரியன என்பதைச் சட்ட மருத்துவம் நிறுவிற்று. இறந்தவர் முன்னர்ப் படைப்பிரிவில் பணியாற்றியவர் ஆதலால், அங்கிருந்த ரேகைப் பதிவு அவர் இன்னார் என்பதை உறுதிசெய்தது. பணியில் சேரும்பொழுது எடுத்த பதிவு இறந்தபின் அடையாளமாயிற்று.

ஐதராபாத்: பாம்பிலிருந்து மனிதனுக்கு

விடுதலைக்குப்பின் ஐதராபாத் குற்றப் புலனாய்வுக் கல்வியின் முதன்மை மையங்களுள் ஒன்றாக வளர்ந்தது. நடுவண் தடய அறிவியல் ஆய்வகமும் துப்பறிவோர் பயிற்சிப் பள்ளியும் 1960களில் அங்கு அமைந்தன. 1948இல் அபு மலையில் தொடங்கிய தேசியக் காவல் பயிற்சியகம் 1975இல் அந்நகருக்கு மாற்றப்பட்டது. ஆயினும் ஐதராபாத்திற்குத் தனிப்பெயர் தேடித் தந்தது காவல்துறையைச் சாராத ஓர் ஆய்வு நிறுவனமே.

உத்தரப்பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்துச் சிற்றூரில் 1947இல் பிறந்த லால்ஜி சிங், பாம்புகளின் குரோமோசோம்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். எடின்பரோவில் பணியாற்றியபொழுது, பட்டைக் கட்டுவிரியனின் பெண்பால் குரோமோசோமோடு தொடர்புடைய, மீண்டும் மீண்டும் வரும் டி.என்.ஏ. தொடர் ஒன்றை உடனாய்வாளர்களோடு கண்டறிந்தார். 'பி.கே.எம்.' எனப் பெயரிடப்பட்ட அதன் அடிப்படை, ஜி.ஏ.டி.ஏ. என்னும் நான்கெழுத்து அடுக்கு. பாம்பின் பால்வேறுபாட்டை அறியத் தேடிய அத்தொடர் மனிதரிலும் உள்ளது என்பதும், அதன் அமைவு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதும் பின்னர்த் தெரியவந்தன. 1987இல் நாடு திரும்பி ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் சேர்ந்த அவர், அடுத்த ஆண்டிலேயே அதனை அடையாளம் காணும் கருவியாக்கினார்.

அதன் செயல்முறை எளிதில் விளங்குவதே. குருதியிலிருந்தோ திசுவிலிருந்தோ பிரித்தெடுத்த டி.என்.ஏ.வை நொதியால் துண்டாக்குவர். துண்டுகளைக் கூழ்மத்தில் மின்விசையால் நீளவரிசைப்படி பிரித்துச் சவ்வில் படியச்செய்வர். கதிரியக்கம் ஏற்றிய பி.கே.எம். துணுக்கு, தனக்கு இணையான இடங்களில் ஒட்டும். எக்ஸ்ரே படலத்தில் கரிய பட்டைகள் தோன்றும். குழந்தையின் ஒவ்வொரு பட்டையும் தாயிடமோ தந்தையிடமோ இருத்தல் வேண்டும். கேரளத்துத் தலச்சேரியில் எழுந்த தந்தைமை வழக்கு ஒன்றில் இச்சான்று ஏற்கப்பட்டது. 1991இல் கேரள உயர்நீதிமன்றமும் அதனை ஏற்றது. அதே ஆண்டு மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் இராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கில், சிதறிய உடற்பகுதிகளைக் கொலையாளியினுடையவை என இணைத்தறியவும் ஐதராபாத் ஆய்வு துணைநின்றது. 1990களின் இடைப்பகுதியில் மரபணு ரேகைப்பதிவு மற்றும் நோயறிதல் மையம் உயிரித்தொழில்நுட்பத் துறையின்கீழ்த் தனி நிறுவனமாகத் தோன்றிற்று. லால்ஜி சிங் 2017இல் மறைந்தார்.

1984இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரீஸ் மரபணு ரேகையைக் கண்டறிந்த பின்னர், அங்கு நிகழ்ந்த முதல் கொலை வழக்கு இங்கு நினைக்கத்தக்கது. கொலையை ஒப்புக்கொண்டிருந்த இளைஞர் குற்றமற்றவர் என்பதை அச்சோதனை காட்டிற்று. உண்மைக் குற்றவாளி 1988இல் தண்டிக்கப்பட்டார். ஒப்புதல் பொய்த்த இடத்தில் பொருள் மெய்யுரைத்தது.

பணிநிலைகளும் பொறுப்பும்

இன்று இத்துறையில் நால்வகைப் பணியாளர் உளர்: தடயத்தைக் காத்து அனுப்பும் விசாரணை அலுவலர், ரேகை நிபுணர், பிணக்கூறாய்வு செய்யும் சட்ட மருத்துவர், ஆய்வகத்து அறிவியல் அலுவலர். இவருள் முதல்வரே ஏனையோரின் ஆய்விற்கு எல்லை வகுப்பவர். முத்திரை பழுதுபட்ட பொதியையும் கைமாறிய விவரம் எழுதப்படாத பொருளையும் எத்துணைச் சிறந்த ஆய்வகமும் மீட்டெடுக்க இயலாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழிடம் செல்வதை, மாநிலங்கள் ஐந்தாண்டிற்குள் நடைமுறைப்படுத்துமாறு விதிக்கின்றது. அறிவியல் பட்டதாரிகளுக்கு இதனால் வாய்ப்பு பெருகும், பொறுப்பும் பெருகும்.

சொல்லை உடலிலிருந்து கறக்கும் விழைவு முற்றும் மறைந்துவிடவும் இல்லை. மருந்து செலுத்திப் பேசவைக்கும் சோதனை அறிவியலின் பெயரால் அதே பழைய வழிக்குத் திரும்பியது எனலாம். செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், 2010இல், ஒருவரின் இசைவின்றி அச்சோதனையை நடத்தக்கூடாது என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், தென்னிந்தியத் தடயவியலின் வளர்ச்சி கருவிகளின் பெருக்கம் மட்டுமன்று என்பதும், குற்றஞ்சாட்டப்பட்டவரின் உடலை வதையிலிருந்து காக்கும் வாய்ப்பு அதனுள் அடங்கியுள்ளது என்பதும் புலனாகின்றன. எனினும் பொருள் தானே பேசுவதில்லை. வல்லுநரின் சொல்லே அதனைப் பேசவைக்கின்றது. சட்டமும் அதனை வல்லுநர் கருத்து என்றே கொள்கின்றது. அக்கருத்து பெரும்பாலும் ஆங்கில அறிக்கையாகவே நீதிமன்றத்தை அடைகின்றது. தமக்கு எதிராகச் சான்றுரைக்கும் பொருள் என்ன கூறுகின்றது என்பதைத் தமிழ் மட்டும் அறிந்த ஒருவர் அறிய இயலாத நிலை நீடிக்கின்றது. கண்ணகி உடைத்த சிலம்பின் பரல் எத்தகையது என்பது அவையிலிருந்த அனைவருக்கும் விளங்கிற்று. ஆய்வக முடிவும் அவ்வாறு விளங்கவேண்டுமாயின், தடயவியலுக்குரிய கலைச்சொற்களையும் அறிக்கை நடையையும் தமிழில் உருவாக்குதல் வேண்டும். அது தமிழ்த்துறைகளின் முன்னுள்ள கடமையாகும்.