ஆரோக்கியப்பச்சை: செடியைக் காட்டியவர்களின் பங்கு

மூலிகைச் சாற்றை ஆய்வுத் தட்டில் இட்டு, பாக்டீரியா வளராத வட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுகிறோம். அம்மூலிகையின் பயனை முதலில் சொன்னவர் யார் என்று எழுதுவது அரிது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் வரலாறு ஒன்று இதற்கு விதிவிலக்கு.

1987 டிசம்பரில் பி. புஷ்பாங்கதன் தலைமையிலான ஆய்வுக்குழு அகத்தியமலைக் காடுகளில் ஏறியது. ஆய்வாளர்கள் களைத்து நிற்க, வழிகாட்டிய காணிப் பழங்குடியினர் சோர்வின்றி நடந்தனர். இடையிடையே அவர்கள் தின்ற சிறு பழங்கள் ஆரோக்கியப்பச்சை என்னும் செடியினுடையவை. வெளியாருக்குச் சொல்லாது காத்த அவ்வறிவை அவர்கள் தயக்கத்துக்குப் பின்னரே பகிர்ந்தனர்.

பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம், அச்செடியுடன் வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசி 10 லட்சம் ரூபாய்க்கும் 2 விழுக்காடு உரிமத்தொகைக்கும் இசைந்து அதன் உரிமத்தைப் பெற்றது. இவ்விரண்டிலும் சரிபாதி காணிகளுக்கு என நிறுவனம் முடிவு செய்தது. அதைப் பெறுவதற்கான அறக்கட்டளை 1997இல் பதிவாயிற்று. பணம் வந்தது 1999இல்.

மலைப்பாதையில் சொன்ன ஒரு சொல்லுக்குப் பங்கு கிடைக்கப் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. சாற்றின் செறிவைத் துல்லியமாகக் குறிக்கும் நம் ஆய்வேடுகளில், செடியைக் காட்டியவர்களுக்கும் ஒரு வரி இருக்கட்டும்.