வி.ஆர். ஹெட்செட்டுகள்: வன்பொருள் புதுப்பிப்புக் காலம்

வி.ஆர். ஹெட்செட்டின் வன்பொருள் புதுப்பிப்புக் காலம் என்பது, மெய்நிகர் உண்மையைக் காட்டும் ஒரு தலைக்கருவி சந்தைக்கு வந்த நாளுக்கும் அதன் அடுத்த பதிப்பு வரும் நாளுக்கும் இடைப்பட்ட காலம். கைபேசிகளில் இது பெரும்பாலும் ஓராண்டு. விளையாட்டுக் கன்சோல்களில் ஆறேழு ஆண்டுகள். வி.ஆர். ஹெட்செட்டுகளில் இன்னும் நிலையான வழக்கம் எதுவும் உருவாகவில்லை. பதினேழே மாதத்தில் பழையதாகிப்போன கருவியும் உண்டு. ஆறு ஆண்டுக்கு மேல் மாறாமல் விற்ற கருவியும் உண்டு. 300 டாலர் கருவிக்கு இது பெரிய கேள்வி அல்ல. ஆயிரம், மூவாயிரம் டாலர் கொடுத்து வாங்குகிறவருக்கு இதுதான் முதல் கேள்வி. இதுவரை நடந்ததையும் கருவியின் உள்ளமைப்பையும் சேர்த்துப் பார்த்தால், விலை உயர்ந்த ஹெட்செட்டுக்கு மூன்று முதல் நான்கு ஆண்டு இடைவெளியே பொருந்துகிறது.

இதுவரையிலான இடைவெளிகள்

இன்றைய வி.ஆர். அலை 2012 ஆகஸ்டில் தொடங்கியது. பால்மர் லக்கியின் ஓக்குலஸ் நிறுவனம் கிக்ஸ்டார்ட்டர் வழியே பொதுமக்களிடம் ஏறத்தாழ 24 லட்சம் டாலர் திரட்டியது. மென்பொருள் உருவாக்குநர்களுக்கான முதல் கருவி 2013 மார்ச்சிலும் இரண்டாவது 2014 ஜூலையிலும் வெளிவந்தன. முதலாவதில் ஒரு கண்ணுக்கு 640×800 பிக்சல். தலையைத் திருப்பினால் காட்சி திரும்பும், முன்னால் குனிந்தால் ஒன்றும் நடக்காது. இரண்டாவதில் 960×1080 பிக்சலும், தலை நகர்வதைக் கண்டறியும் கேமராவும் சேர்ந்தன. அதற்குள் இருந்த திரை சாம்சங் நோட் 3 கைபேசியின் முகப்பேதான் என்பது பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. கைபேசித் திரைகள் வளர்ந்த வேகத்தில் ஹெட்செட்டும் வளர்ந்த காலம் அது. பதினாறு மாதத்துக்கு ஒரு பதிப்பு அப்போது நியாயமாகவே இருந்தது.

பொதுமக்களுக்கான ஓக்குலஸ் ரிஃப்ட் 2016 மார்ச்சில் 599 டாலருக்கும், எச்.டி.சி.யின் வைவ் ஏப்ரலில் 799 டாலருக்கும், சோனியின் பிளேஸ்டேஷன் வி.ஆர். அக்டோபரில் 399 டாலருக்கும் வந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வழியில் போனது. ரிஃப்ட்டுக்கு அடுத்ததாக ரிஃப்ட் எஸ் 2019 மே மாதம் வந்தது. அறையில் சென்சார் வைக்கும் தொல்லை தீர்ந்தது; ஆனால் படம் விநாடிக்கு 90 முறை புதுப்பிக்கப்பட்டது 80 ஆகக் குறைந்தது, கண்களுக்கு இடையிலான தூரத்துக்கு ஏற்ப லென்ஸை நகர்த்தும் வசதியும் போய்விட்டது. மூன்று ஆண்டு காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது பாதி முன்னேற்றம், பாதி பின்னேற்றம்.

கணினி தேவைப்படாத ஓக்குலஸ் குவெஸ்ட், ரிஃப்ட் எஸ் வந்த அதே மாதம் 399 டாலருக்கு வந்தது. 2020 அக்டோபரிலேயே குவெஸ்ட் 2 அதன் இடத்தை 299 டாலருக்குப் பிடித்துக்கொண்டது. குவெஸ்ட் 3 வர மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின. இதற்கு நேர் எதிராக, வால்வ் நிறுவனத்தின் இண்டெக்ஸ் 2019 ஜூனில் முழுத் தொகுப்பாக 999 டாலருக்கு வந்து, அதே வடிவில் ஆறு ஆண்டுக்கும் மேலாக விற்றது. அடுத்த கருவியான ஸ்டீம் ஃபிரேமை வால்வ் 2025 நவம்பரில்தான் அறிவித்தது. இண்டெக்ஸில் ஒரு கண்ணுக்கு 1440×1600 பிக்சல். 2024இல் 299 டாலருக்கு வந்த குவெஸ்ட் 3எஸ்ஸில் 1832×1920. மிக நீண்ட இடைவெளியும் வாங்குபவருக்கு நல்லதல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

கண் உணரும் மாற்றம்

ஒரு புதிய பதிப்பு தேவையா என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது கண். ஹெட்செட்டின் கூர்மையை மொத்தப் பிக்சல் எண்ணிக்கையால் அளப்பதைவிட, பார்வைக் கோணத்தின் ஒரு பாகைக்கு எத்தனை பிக்சல் என்று அளப்பதே சரி. நல்ல பார்வை உள்ள கண் ஒரு பாகைக்குச் சுமார் 60 பிக்சல் வரை பிரித்தறியும். நூறு பாகை அகலக் காட்சிக்கு இது ஒரு கண்ணுக்கு 6,000 பிக்சல் அகலம் ஆகிறது. 2016இன் ரிஃப்ட்டில் இருந்தது 1080. அதில் ஓர் எழுத்துப் பலகையைப் பார்த்தால், கொசுவலைக்குப் பின்னால் நின்று படிப்பதுபோல பிக்சல்களுக்கு இடையிலான கறுப்புக் கோடுகள் முதலில் கண்ணில் படும்; எழுத்து அதற்குப் பிறகுதான் தெரியும்.

2025 அக்டோபரில் 1,799 டாலருக்கு வந்த சாம்சங் கேலக்ஸி எக்ஸ்.ஆர். கருவியில் ஒரு கண்ணுக்கு 3552×3840 பிக்சல். ஒன்பதரை ஆண்டுகளில் அகலம் மூன்று மடங்குக்குச் சற்று மேல் கூடியிருக்கிறது. பெரிய வளர்ச்சிதான். ஆனால் அதை ஆண்டுவாரியாகப் பிரித்தால், ஒவ்வோர் ஆண்டும் கூடுவது கண் சட்டென்று உணரும் அளவாக இல்லை. மூன்று ஆண்டுகளைச் சேர்த்தால்தான், பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டும் அந்த நொடியிலேயே வேறுபாடு தெரிகிறது.

லென்ஸ் இன்னும் மெதுவாக மாறும் பகுதி. நீண்ட காலம் வழக்கில் இருந்தது ஃபிரெனல் லென்ஸ்: தடித்த குவிலென்ஸை வட்ட வட்டமாக வெட்டித் தட்டையாக்கிய வடிவம். எடை குறைவு, ஆனால் இருண்ட திரையில் வெள்ளை எழுத்து வந்தால் அந்த வட்டங்களில் ஒளி சிதறி மீன்செதில்போலக் கதிர்கள் ஓடும். காட்சியின் நடுப்பகுதி மட்டுமே தெளிவாக இருக்கும். ஓரத்தில் உள்ளதைப் பார்க்கக் கண்ணைத் திருப்பாமல் தலையையே திருப்ப வேண்டும். பின்னர் வந்த பான்கேக் லென்ஸ், ஒளியை உள்ளேயே முன்னும் பின்னும் எதிரொளித்து மடித்து அனுப்புகிறது. அதனால் திரையைக் கண்ணுக்கு நெருக்கமாக வைக்க முடிகிறது, முன்பக்கப் பாரமும் குறைகிறது. ஆனால் அந்த மடிப்பில் பெரும்பகுதி ஒளி வீணாகிறது. ஈடுகட்டத் திரை பல மடங்கு பிரகாசமாக இருக்க வேண்டும். வெப்பமும் மின்செலவும் கூடும். லென்ஸ், திரை, குளிர்விப்பு மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுப் புதிய பதிப்பு என்று சொல்ல முடியாத நிலை இங்கிருந்துதான் வருகிறது.

குவெஸ்ட் 2இலிருந்து குவெஸ்ட் 3க்கு ஒரு கண்ணின் பிக்சல் அகலம் 1832இலிருந்து 2064க்குப் போனது, சுமார் 13 விழுக்காடு மட்டுமே. ஆனாலும் மாட்டிப் பார்த்தவர்கள் பெரிய வேறுபாட்டை உணர்ந்தார்கள், காரணம் லென்ஸ். அந்த லென்ஸ் மலிவாகி 499 டாலர் கருவிக்குள் வர மூன்று ஆண்டுகள் பிடித்தன.

இருபது மாதப் புதுப்பிப்பு: விஷன் புரோ

விலை உயர்ந்த ஹெட்செட்டைச் சீக்கிரம் புதுப்பித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஆப்பிளின் விஷன் புரோ அருமையான எடுத்துக்காட்டு. 2023 ஜூனில் அறிவிக்கப்பட்டு, 2024 பிப்ரவரி 2 அன்று அமெரிக்காவில் 3,499 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. இரு கண்களுக்கும் சேர்த்து 2 கோடியே 30 லட்சம் பிக்சல். உள்ளே இருந்த எம்2 சிப் 2022ஆம் ஆண்டினுடையது; ஹெட்செட் கடைக்கு வந்த நாளில் மடிக்கணினிகளில் எம்3 ஓடிக்கொண்டிருந்தது. புதிய பதிப்புக்கான நெருக்கடி முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

2025 அக்டோபர் 22 அன்று எம்5 சிப்புடன் புதிய பதிப்பு வந்தது. விலை அதேதான். சிப் வேகத்தால் பத்து விழுக்காடு கூடுதல் பிக்சல்கள் வரையப்படுகின்றன. படம் விநாடிக்கு 120 முறை வரை புதுப்பிக்கப்படுகிறது. பேட்டரி பொதுப் பயன்பாட்டில் இரண்டு மணிக்குப் பதில் இரண்டரை மணி வரை தாங்குகிறது. திரையும் லென்ஸும் பழையவையே.

அந்தப் பதிப்போடு வந்தவற்றில் அணிபவருக்கு மிகவும் பயன்படுவது ஒரு துணிப் பட்டை. முதல் பதிப்பின் பின்னல் பட்டை பின்மண்டையை மட்டும் சுற்றி இறுகும். முன்பக்கப் பாரம் கன்னத்து எலும்பில் இறங்கும். அரைமணி நேரம் கழித்துக் கழற்றினால் கண்ணுக்குக் கீழே சிவந்த அச்சு தெரியும். புதிய இரட்டைப் பட்டை ஒன்று தலையுச்சியிலும் மற்றொன்று பின்னாலும் போகிறது. கீழ்ப்பட்டைக்குள் டங்ஸ்டன் துண்டுகளை வைத்து முன்பாரத்துக்கு எதிர்ப்பாரம் கொடுத்திருக்கிறார்கள். இதனால் எடை 600–650 கிராமிலிருந்து 750–800 கிராமாகக் கூடியது. ஆனால் பாரம் சமமாகப் பரவுவதால் முகம் தப்பிக்கிறது. இந்தப் பட்டை தனியாக 99 டாலருக்குக் கிடைக்கிறது, பழைய விஷன் புரோவிலும் பொருந்துகிறது. பழைய கருவி வைத்திருப்பவருக்கு 3,499 டாலர் செலவழிக்காமலே முக்கியமான முன்னேற்றம் கைக்கு வந்துவிட்டது.

விலையை மாதக் கணக்காக்கினால், 3,499 டாலரை இருபது மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 175 டாலர். நாற்பத்தெட்டு மாதத்துக்குப் பிரித்தால் 73 டாலர். முதல் கணக்கை எந்தக் குடும்பமும் விளையாட்டுக்காகவோ படம் பார்ப்பதற்காகவோ ஏற்காது.

தனித்தனி ஆயுள் கொண்ட பாகங்கள்

ஹெட்செட்டின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. முகத்தில் படும் பஞ்சு வியர்வையை உறிஞ்சி ஓராண்டில் நைந்துவிடும். மூக்குக்கண்ணாடி உரசி லென்ஸில் கீறல் விழும். ஜன்னலோரம் லென்ஸ் மேல்நோக்கி இருக்க விட்டுவிட்டால், அது வெயிலைக் குவித்துத் திரையில் கருகிய புள்ளியை உண்டாக்கிவிடும். பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரிப்பது போன்ற அதே செயல்தான். பேட்டரி சில ஆண்டுகளில் தளரும். சிப் மட்டும் அப்படியே இருக்கும்.

ஆகவே பாகங்களைப் பிரித்து வைத்த வடிவமைப்பே நீண்ட இடைவெளிக்குத் தாங்கும். வைவ் கருவிக்கு 2017இல் ஒலிபெருக்கியுடன் கூடிய உறுதியான பட்டையும், 2018இல் கம்பியில்லா இணைப்பும் தனியாக வந்தன. சுவரில் மாட்டும் அதன் ஒளிநிலையங்கள் 2019இன் இண்டெக்ஸுடனும் வேலை செய்தன. 2016இல் துளையிட்டு மாட்டியதைக் கழற்றாமலே தலைக்கருவியை மட்டும் மாற்றிக்கொள்ள முடிந்தது. 2021இல் குவெஸ்ட் 2இன் பஞ்சு சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கியபோதும், கருவியைத் திரும்பப் பெற வேண்டியிருக்கவில்லை. ஏறத்தாழ 40 லட்சம் கருவிகளுக்குச் சிலிக்கோன் உறை அனுப்பியே சரிசெய்ய முடிந்தது.

உருவாக்குநர்களும் தொழில்துறையும்

ஒரு நல்ல வி.ஆர். விளையாட்டை உருவாக்க இரண்டு மூன்று ஆண்டுகள் தேவை. ஆண்டுக்கொரு கருவி வந்தால், வேலை தொடங்கிய கருவி ஒன்றாகவும் வெளியிடும் கருவி வேறாகவும் இருக்கும். பயனர்களும் பல பதிப்புகளாகச் சிதறுவார்கள். சோனி ஆறு ஆண்டு நான்கு மாதம் காத்திருந்து 2023 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் வி.ஆர். 2ஐக் கொண்டுவந்தது. ஆனால் முதல் கருவிக்கான விளையாட்டுகள் புதியதில் அப்படியே ஓடவில்லை. இடைவெளி நீளமாக இருந்தும் பழைய வாடிக்கையாளரின் விளையாட்டுத் தொகுப்பு கைவிடப்பட்டது.

பயிற்சி நிலையங்களுக்கு அடிக்கடி மாற்றம் தலைவலி. ஐரோப்பிய ஒன்றிய விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பு முகமை 2021இல் வி.ஆர். வழி இயங்கும் ஹெலிகாப்டர் பயிற்சிக் கருவி ஒன்றுக்கு முதன்முறையாகத் தகுதி வழங்கியது. இப்படித் தகுதி பெற்ற கருவியில் ஹெட்செட்டை மாற்றுவது கடையில் வாங்கி மாட்டுவதுபோல எளிதல்ல.

மென்பொருள் ஆதரவு

ஹெட்செட்டின் உண்மையான ஆயுளை முடிப்பது பெரும்பாலும் புதிய வன்பொருள் அல்ல, பழையதற்கு மென்பொருள் நிறுத்தப்படுவதுதான். முதல் குவெஸ்ட்டுக்குப் புதிய வசதிகள் வராது என்று 2023 ஜனவரியில் ஓக்குலஸின் தாய் நிறுவனமான மெட்டா அறிவித்தது. பிழைத்திருத்தங்களும் 2024 ஆகஸ்டோடு நின்றன. வெளிவந்து ஐந்தே ஆண்டுகள்.

மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற வி.ஆர். மென்பொருள் தளம் இன்னும் வருத்தமான கதை. அதை நம்பி 2020இன் பிற்பகுதியில் எச்.பி. வெளியிட்ட ரிவெர்ப் ஜி2, ஒரு கண்ணுக்கு 2160×2160 பிக்சலுடன் 599 டாலருக்கு விற்றது. கூர்மையில் அன்று முன்வரிசை. 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அந்த மென்பொருளையே நீக்கிவிட்டது. திரை பழுதில்லை, லென்ஸ் பழுதில்லை, செருகினால் படம் வராது. பிறகு 2025இல் ஒரு தனி மென்பொறியாளர் எழுதிய இயக்கி நிரல்தான் அத்தகைய கருவிகளில் பலவற்றுக்கு மறுவாழ்வு கொடுத்தது. மைக்ரோசாஃப்ட்டே 3,500 டாலருக்கு விற்ற தலைக்கருவியான ஹோலோலென்ஸ் 2இன் உற்பத்தி 2024இல் நின்றது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 டிசம்பர் 31 வரை மட்டுமே.

எனவே புதுப்பிப்புக் காலத்தைத் தனியாகப் பேசுவதில் பயனில்லை. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு பதிப்பு வரட்டும். விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு மென்பொருள் வரட்டும். பஞ்சு, பட்டை, பேட்டரி தனியாகக் கிடைக்கட்டும். இவ்வளவு பணம் வாங்கும் நிறுவனங்களிடம் இதைக் கேட்பது நியாயம்.

சட்டங்களும் இந்தப் பக்கம் திரும்பத் தொடங்கியுள்ளன. இணையத்தோடு இணையும் நுகர்வோர் கருவிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் குறைந்தது எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற விதி பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தில், கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றக்கூடியதாக வைக்க வேண்டும் என்ற விதி 2027 பிப்ரவரி 18 முதல் பொருந்தும். அதே ஆண்டு டிசம்பர் 11 முதல், குறுகிய ஆயுள் கொண்ட பொருள்கள் தவிர்த்த மின்னணுக் கருவிகளுக்குக் குறைந்தது ஐந்து ஆண்டு பாதுகாப்பு ஆதரவு அங்கே கட்டாயமாகிறது.