தஞ்சை முற்றுகைக் கிறிஸ்துமஸ், 1749

போர்க்களத்துக் கிறிஸ்துமஸ் என்றதும் உலகுக்கு நினைவு வருவது முதல் உலகப் போரின் 1914. பிரான்சு முனையில் எதிரிகள் பதுங்குகுழி விட்டு எழுந்து கைகுலுக்கினார்கள். அங்கிருந்த இந்தியப் படைப்பிரிவான கார்வால் ரைபிள்ஸ் வீரர்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள். ‘ஜொயே நொயெல்’ (2005) திரைப்படம் அந்த நாளைக் கதையாக்கியது. அந்த 1914க்கு 165 ஆண்டுகளுக்கு முன், தஞ்சைக் கோட்டைக்கு வெளியே ஒரு பிரெஞ்சுப் படை கிறிஸ்துமஸைக் கழித்தது. அதைப் பேசுவோர் குறைவு.

1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் வென்ற, ஆர்க்காட்டு நவாப் பதவி கோரிய சந்தா சாகிபும் ஐதராபாத் நிஜாம் பதவி கோரிய முசாபர் ஜங்கும், புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே அனுப்பிய வீரர்களுடன் கொள்ளிடம் கடந்து தஞ்சைக்கு வந்தார்கள். நோக்கம் பணம். தஞ்சையின் மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் பேச்சுவார்த்தையை வாரக்கணக்கில் இழுத்தடித்தார். கடைசியில் 70 லட்சம் ரூபாய்க்கு ஒப்புக்கொண்ட பிறகும் விடவில்லை: பொன், வெள்ளிப் பாத்திரங்கள், வழக்கொழிந்த நாணயங்கள், நகைகள் என்று சிறுகச் சிறுக அனுப்பி, எடைபோடுவதிலும் மதிப்பிடுவதிலும் நாள் கடத்தினார். முசாபர் ஜங்கின் போட்டியாளரான நாசிர் ஜங் பெரும்படையுடன் வருகிறார் என்ற செய்தி வந்ததும் முற்றுகை கலைந்தது. படைபலம் குறைந்த ஓர் அரசன் காலத்தையே ஆயுதமாக்கிய அருமையான அத்தியாயம் இது.

புனைவெழுத்தாளருக்கு இதில் இன்னொரு புதையலும் உண்டு. திருச்சியிலிருந்து சுமார் 20 ஐரோப்பிய வீரர்களை ஆங்கிலேயர் தஞ்சைக் கோட்டைக்கு உதவியாக அனுப்பினார்கள். அவர்கள் இரவோடு இரவாக உள்ளே நுழைந்தார்கள். அன்று ஆங்கிலேயர் பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றினார்கள், பிரெஞ்சுக்காரர் கிரிகோரியன் நாட்காட்டியை. இடைவெளி 11 நாள். மதிலுக்கு வெளியே கிறிஸ்துமஸ் வந்த நாளில், ஆங்கிலேயர் கணக்கில் டிசம்பர் 14தான் ஆகியிருந்தது. இரு தரப்புக்கும் மார்கழி ஒன்றே: வடகிழக்குப் பருவமழையில் ஊறிய களிமண், பீரங்கி வண்டியின் சக்கரம் புதையும் வரப்பு, தை அறுவடைக்கு முற்றிக்கொண்டிருக்கும் சம்பா. படை மிதித்த வயலின் சொந்தக்காரர் இல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது.

தை பிறக்கும் வேளையில், 1750 ஜனவரி 12இல், காரைக்காலைச் சுற்றிய 81 கிராமங்கள் பிரதாபசிம்மன் செய்த உடன்படிக்கைப்படி பிரெஞ்சுக்காரருக்குப் போயின.

1752இல் ஆங்கிலேயரும் நாட்காட்டியை மாற்றிக்கொண்டதால் அடுத்த போரில் இரு தரப்புக்கும் ஒரே கிறிஸ்துமஸ். 1758 ஆகஸ்டில் தஞ்சையில் தோற்றுத் திரும்பிய பிரெஞ்சுத் தளபதி லாலி, அந்த டிசம்பரில் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். 1760 கிறிஸ்துமஸின்போதோ ஆங்கிலேயர் முற்றுகையில் புதுச்சேரியே பட்டினி கிடந்தது.

தமிழ் வரலாற்று நாவல் பெரும்பாலும் சோழர், பல்லவர் அரண்மனைகளிலேயே குடியிருந்துவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் கதவைத் திறந்தவர்களில் முதன்மையானவர் பிரபஞ்சன். டூப்ளேயின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்ட அவருடைய ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ இரண்டும் டூப்ளே காலப் புதுச்சேரியைத் தெருத்தெருவாகக் காட்டுகின்றன. பின்னதற்கு 1995இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. 1736 முதல் 1761 வரை நீளும் அந்த நாட்குறிப்பு இன்றும் அச்சில் கிடைக்கிறது. தஞ்சை முற்றுகையை நாவலாக்க நினைப்பவர் 1749ஆம் ஆண்டின் பக்கங்களிலிருந்து தொடங்கலாம்.