பேறுகால அறையிலிருந்து பாவுலகிற்கு

தாலாட்டுப் பாடிய தாயர் எண்ணற்றோர். ஏட்டில் பெயர் நின்ற தாயர் மிகச் சிலர். தாய்மை கவிதைக்குப் பொருளாயிற்று. ஆனால் தாயானவள் கவிஞராக நீடிப்பது எங்கும் அரிதாகவே இருந்துள்ளது. இவ்வழக்கிற்கு மாறாக நின்றவர் ஜப்பானியக் கவிஞர் யொசானோ அகிகோ (1878–1942).

ஒசாகாவை அடுத்த சக்காய் நகரில் இனிப்பு வணிகர் குடும்பத்தில் பிறந்த அகிகோ, 1901இல் 'கலைந்த கூந்தல்' எனப் பொருள்படும் 'மிதரெகாமி' தொகுதியை வெளியிட்டார். முப்பத்தோர் அசையில் அமையும் தான்காப் பாக்கள் 399 கொண்ட அந்நூல், பெண்ணின் காதலை ஒளிவின்றிப் பாடியதால் புகழும் பழியும் ஒருங்கே பெற்றது. அவ்வாண்டே 'மியோஜோ' இதழை நடத்திய கவிஞர் யொசானோ தெக்கானை அவர் மணந்தார். 1902இல் முதல் மகன் பிறந்தான். 1908இல் மியோஜோ நின்றுபோக, குடும்பச் சுமை பெரிதும் அகிகோவின் எழுத்தின்மேல் விழுந்தது. மீண்டும் எழுதுவது அவருக்கு ஓய்வுநேர விருப்பமன்று. அடுப்பெரிய வேண்டிய தேவையுமாகும்.

எனினும் தேவைக்காக எழுதியவர் தம் அனுபவத்தை மறைத்து எழுதினாரில்லை. பேறுகால அறையையே பாடுபொருளாக்கினார். 1911 பிப்ரவரியில் இரட்டைக் குழந்தைகளுள் ஒன்று இறந்தே பிறந்தது. அவ்வலியையும் இழப்பையும் தான்காக்களில் வடித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஹிரட்சுகா ராய்ச்சோ தொடங்கிய 'செய்தோ' என்னும் மகளிர் இதழின் முதல் ஏட்டை, பெண்களின் விழிப்பைப் பாடிய அகிகோவின் கவிதையே தொடங்கிவைத்தது. ஏழு திங்களுக்குள் நிகழ்ந்த இம்மீட்சி, ஜப்பானியப் பெண்ணெழுத்தின் வரலாற்றில் ஒரு திருப்பம். பழம்பெரும் 'கெஞ்சிக் கதை'யை அக்கால மொழியில் அவர் தந்த நூலும் 1912, 1913 ஆண்டுகளில் வெளிவந்தது.

பதின்மூன்று மக்களைப் பெற்று இத்துணையும் எழுதினார் என்பது வியப்பே. ஆயினும் அவ்வியப்பை ஏனைய தாயருக்கு அளவுகோலாக்குதல் பொருந்தாது. 1918இல் எழுந்த தாய்மைப் பாதுகாப்பு விவாதத்தில், பெண் பொருளாதாரத்தில் தன் காலில் நிற்க வேண்டும், அரசின் உதவியை எதிர்நோக்கலாகாது என்றார் அகிகோ. அதற்குள் இரு குழந்தைகளுக்குத் தாயாகியிருந்த ராய்ச்சோ, தாய்க்கு அரசு துணைநிற்றல் கடமை என மறுத்தார். ஒருவர் தம் ஆற்றலை நம்பிப் பேசினார். மற்றவர் அத்தகைய ஆற்றல் எல்லார்க்கும் வாய்க்காது என்பதை நினைந்து பேசினார்.

இருவரின் வழக்கும் இன்றளவும் தீரவில்லை. ஆனால் 'அகிகோவால் இயன்றது உன்னால் ஏன் இயலாது?' என்று பிள்ளை பெற்றவளை வினவுவோர், செய்தோவின் முதல் ஏட்டையும் நினைவிற்கொள்ள வேண்டும். அங்கே அகிகோவிடம் ஆற்றல் மட்டும் இருக்கவில்லை. அவரது கவிதையை வேண்டி நின்ற ஓர் இதழும் இருந்தது. கவிஞர் கூடி இயங்கும் எந்த அமைப்பும் ஓர் இளந்தாய்க்கு அளிக்கத்தக்கது அதுவே: சில திங்கள் வாராதிருந்தவளின் பெயரை அடித்துவிடாமல், அவளுக்குரிய பக்கத்தை வைத்துக் காத்திருத்தல்.