துள்ளிசையும் திரையும்: ஈழத்துப் பொப் பாடல்கள் பற்றிய ஒரு நோக்கு

தமிழில் 'பாட்டு' என்ற சொல்லைக் கேட்டதும் திரைப்படப் பாட்டே முதலில் நினைவுக்கு வரும் நிலை இன்று உள்ளது. படம் எடுக்கப்படுகிறது, அதற்காகப் பாடல் ஆக்கப்படுகிறது, பின்னர் அப்பாடல் வீடு வந்து சேர்கிறது. இவ்வரிசை இயற்கை நியதி போலத் தோன்றினும் உண்மையில் அது ஒரு வரலாற்று விளைவே. பேசும் படம் தமிழுக்கு வந்த 1931 ஆம் ஆண்டுக்கு முன்னரே நாடகமேடைப் பாடல்கள் இசைத்தட்டுகளில் விற்பனையாகிக் கொண்டிருந்தன. 1933 இல் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பா ஒரு படத்திலேனும் தோன்றாமலே இசைத்தட்டினால் ஊரெங்கும் அறியப்பட்டவர். அவரும் கே.பி. சுந்தராம்பாளும் முதன்முதல் சந்தித்தது இலங்கையில் நாடகம் ஆட வந்த காலத்தில் என்பதை இந்நாட்டவர் பெருமையோடு நினைவுகூர்வர். அந்தப் பழைய வரிசை, அதாவது பாட்டு முதலும் படம் பின்னுமான வரிசை, தமிழ்நாட்டில் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின்னர் இலங்கையில் மீண்டும் தலைகாட்டியது. பொப் இசை என்றும் துள்ளிசை என்றும் வழங்கப்பட்ட பாடல்களின் கதை அதுவே.

இப்பாடல்களின் பிறப்பை நோக்குமிடத்து, அவற்றின் வேர் தமிழிசை மரபிலோ தமிழ்ச் சினிமாவிலோ இல்லை என்பது தெளிவாகும். போர்த்துக்கேயர் காலத்துத் தொடர்பாலும், அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்களாலும் இலங்கைக் கரையோரத்தில் நிலைபெற்ற பைலா ஒருபுறம். 1956 இல் வெளிவந்த ஹரி பெலபொன்டேயின் 'கலிப்சோ' இசைத்தட்டின் பின் உலகெங்கும் பரவிய மேற்கிந்தியத் தாளம் மறுபுறம். வொலி பாஸ்தியன் சிங்களத்தில் பைலாவுக்கு ஒரு வடிவம் கொடுத்தார். 1960களில் கிளாரன்ஸ் விஜேவர்தன, அனஸ்லி மாலேவன ஆகியோரின் 'மூன்ஸ்ரோன்ஸ்' குழு மின் கிற்றாரைச் சிங்களப் பாடலுக்குள் புகுத்தியது. தமிழில் இவ்வழி தொடங்கியதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான்.

உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் 1960களின் பிற்பகுதியிலே மேடைகளில் பாடத் தொடங்கிய 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' ஆகியன தமிழ்த் துள்ளிசையின் முதற் பாடல்களுள் வைத்து எண்ணப்படுபவை. அவற்றின் இசையிலும் பார்க்க மொழியே ஆராயத்தக்கது. மாமியை மறித்து அவள் மகளைப் பற்றி விசாரிக்கும் துடுக்குத்தனமும், கள்ளுக்கடைக்குப் போகாதே என்று நகைச்சுவையோடு புத்தி சொல்லும் பாங்கும் யாழ்ப்பாணத்து முற்றத்துப் பேச்சிலேயே அமைந்தவை. அக்காலச் சென்னைப் படங்களின் காதலர்கள் செந்தமிழிலே ஏங்கினர். இலங்கை வானொலியின் மெல்லிசைப் பாடல்களும் பெரும்பாலும் அந்தச் செந்தமிழையே பின்பற்றின. ஈழத்துப் பேச்சு வழக்கு நாடகத்தில் சிரிப்பு மூட்டுவதற்கு மட்டுமே உரியது என்று கருதப்பட்ட வேளையில், அது பாடலுக்கும் உரியது என்று காட்டியவை இத்துள்ளிசைப் பாடல்களே. இவற்றை வெறும் கேளிக்கை என்று ஒதுக்கிய விமரிசகர்கள் இவ்வுண்மையைக் கவனித்தாரில்லை.

திருகோணமலையிலிருந்து பரமேஸ், கோணேஸ் சகோதரர்கள் வந்தனர். இலங்கையில் தமிழ் இசைத்தட்டு வெளியிட்ட முன்னோடிகள் என அவர்கள் பெயர் கூறப்படுவது வழக்கம். எஸ். இராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை, ஸ்ரான்லி சிவானந்தன் முதலியோரும் இத்துறையிற் பெயர் பெற்றனர். 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' என்று அழைக்கப்பட்ட ஏ.ஈ. மனோகரனின் புகழ் இவர்கள் எல்லோரையும் விஞ்சியது.

1970களில் இவ்விசை செழித்தமைக்குக் கலைஞரின் திறமை மட்டுமே காரணமாகாது. 1970 இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசு இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. தென்னிந்திய சஞ்சிகைகளும் படங்களும் இக்கட்டுப்பாட்டுக்குள் அகப்பட்டன. சென்னையிலிருந்து வந்த வெள்ளம் சற்று வடிந்த இடத்திலேயே ஈழத்து நூல்களும் படங்களும் பாடல்களும் முளைவிட்டன. இதே கட்டுப்பாடு வன்னியில் வேறொரு விளைச்சலைத் தந்தது. மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வருவது தடைப்பட்டதால் உள்ளூர் விலை உயர்ந்தது. இரணைமடுக் குளத்தை நம்பிய குடியேற்றங்களும், பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலுள்ள விசுவமடுவில் படித்த வாலிபர்களுக்கென அமைந்த விவசாயத் திட்டமும் அக்காலத்திற் கையிற் பணத்தைக் கண்டன. ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரினும் ஆக்கிய இரசாயனத் தொழிற்சாலை பரந்தனுக்கு மாதச் சம்பளம் பெறும் ஒரு கூட்டத்தையும் தந்திருந்தது. இத்தகைய ஊர்களிலே டிரான்சிஸ்டர் வானொலியும் கோயில் திருவிழா, கலியாண வீடு ஆகியவற்றின் ஒலிபெருக்கியுமே இசையின் வாயில்கள். ஈழத்துப் பொப் பாடலையும் வன்னி மிளகாயையும் ஒரே பொருளாதாரக் கொள்கையின் இரு பிள்ளைகள் என்று கூறின் அது மிகையாகாது.

இனி, திரையோடு இவ்விசை கொண்ட உறவை நோக்கலாம். 1962 இல் 'சமுதாயம்', 1963 இல் 'தோட்டக்காரி' எனத் தொடங்கிய ஈழத்துத் தமிழ்ச் சினிமா, சென்னைப் படத்தைப் போலவே செய்து காட்டுவதா அன்றி இந்நாட்டு வாழ்வைக் காட்டுவதா என்ற இருமனத்துடனேயே நடந்தது. மனோகரன் பாடகராகப் பெரும்புகழ் பெறுமுன்னரே 1966 இல் 'பாசநிலா' படத்தில் நடித்தவர். ஆயினும் 1978 இல் பிரேம்நாத் மொராயஸ் நெறியாள்கையில் 'வாடைக்காற்று' வெளிவந்தபோது மக்கள் திரையிற் காணச் சென்றது நடிகர் மனோகரனை அல்ல, மேடையில் தாம் அறிந்த பாடகரையே எனலாம். செங்கை ஆழியானின் நாவல் அப்படத்துக்கு மூலம். நெடுந்தீவுக் கடற்கரையைக் களமாகக் கொண்ட அந்நாவலை எழுதியவர் வன்னியில் அரச நிருவாகியாகப் பணியாற்றியவர். 'காட்டாறு' நாவலில் வன்னி மண்ணின் சுரண்டலைச் சித்திரித்தவர். பேச்சு வழக்கைப் பாடலாக்கிய துறையிலிருந்து வந்த ஒருவர், பேச்சு வழக்கில் எழுந்த நாவலின் படத்துக்கு நாயகனானது பொருத்தமான சேர்க்கையே. இச்சேர்க்கை தொடர்ந்திருப்பின் ஈழத்துச் சினிமாவுக்குத் தனக்கேயுரிய ஓர் இசை கிடைத்திருத்தல் கூடும்.

அது தொடரவில்லை. அதற்கு முந்திய ஆண்டிலேயே காற்று மறுபக்கம் திரும்பியிருந்தது. 1977 இல் ஆட்சி மாறி இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டது. மிளகாய் விலை வீழ்ந்தது. ஒலிநாடாக் கருவிகள் வந்திறங்கின. அவற்றோடு சென்னைப் படப் பாடல்களும் தடையின்றி வந்தன. அதே 1977 இல்தான் மனோகரனின் 'சுராங்கனி' சென்னைத் திரைக்குப் போயிற்று. சுராங்கனி என்ற பெண்ணுக்கு மீன் கொண்டுவந்திருக்கும் செய்தியைச் சிங்களத்திலே சொல்லும் அப்பாடல், தமிழ் அடிகளும் கலந்து இரு மொழியினரையும் ஒருங்கே ஆட வைத்தது. இலங்கை வானொலியைத் தமிழ்நாட்டின் தென்பகுதி மக்கள் தம் வானொலியாகவே கொண்டிருந்தமையால் அங்கும் அது பரவியது. இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் மலேசியா வாசுதேவன், ரேணுகா ஆகியோரின் குரல்களில் அது இடம்பெற்றது.

இவ்விடத்திற் பெற்றதையும் இழந்ததையும் சேர்த்தே எடைபோட வேண்டும். திரைக்குச் செல்லாதிருப்பின் சுராங்கனிக்கு அத்துணை நீண்ட ஆயுள் கிட்டியிராது. ஆனால் திரைக்குச் சென்றதும் பாடலின் முகவரி மங்கிவிட்டது. மீன் வாங்கும் கரையோரத்துப் பெண்ணும், தமிழரும் சிங்களவரும் கலந்து நின்ற கொழும்பு மேடையும் நீங்கி, கதைக்கு நடுவே வந்துபோகும் உற்சாகப் பாடலாக அது மாறியது. மனோகரனுக்கு நேர்ந்ததும் இதுவே. சென்னையிற் குடியேறிய அவர் 'சிலோன் மனோகர்' என்ற பெயருடன் தமிழ், மலையாளப் படங்களிற் பெரும்பாலும் முரடராகவும் எதிரியாகவும் தோன்றினார். ஒரு நாட்டின் பாடகர் வேறொரு நாட்டின் சினிமாவில் அடியாளாக நிற்பதைப் பார்த்துக் கைதட்டிய இரசிகர்கள் இங்கும் இருந்தனர். 2018 ஜனவரியிற் சென்னையிலேயே அவர் காலமானார்.

1983 ஜூலை வன்செயலின்போது ஹெந்தளையிலிருந்த விஜயா கலையகம் எரிக்கப்பட்டது. ஈழத்துத் தமிழ்ப்பட முயற்சி அதன்பின் நிமிரவில்லை. நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்தார்.

1990களின் வன்னியில் நிலைமை முற்றிலும் வேறு. 1990 இல் யாழ்தேவி நின்றது, மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையால் மின்கலமும் மண்ணெண்ணெயும் அரிதாயின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுழற்றி, டைனமோவின் மின்னிலே வானொலியும் ஒலிநாடாவும் கேட்ட காலம் அது. படமாளிகை வழியாக வந்த உறவு அறுந்த அச்சூழலிற் படத்துக்குத் தொடர்பில்லாத ஒலிநாடாத் தொகுப்புகளே பாட்டின் பிரதான வடிவமாயின. போராட்ட எழுச்சிப் பாடல்களே அவற்றில் மிகுதி. 2017 இல் மறைந்த எஸ்.ஜி. சாந்தன் வன்னி மக்கள் அனைவரும் அறிந்த குரலானது இத்தொகுப்புகளின் வழியே. எனினும் சினிமா முற்றாக விலகிவிடவில்லை. தொடக்ககாலத் தொகுப்புகளிலே தமிழகத் திரைப் பின்னணிப் பாடகர் சிலரே பாடினர். பல்லவி, சரணம், இடையிசை என்ற கட்டமைப்பும் திரைப்பாடலினதே. துள்ளிசையின் கேலிக்கு மட்டும் அக்காலத்தில் இடமில்லாது போயிற்று.

புலம்பெயர்ந்த தலைமுறையில் இவ்வுறவு எதிர்த்திசையிலும் ஓடியது. இளமையில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து 1986 இல் இலண்டன் சென்ற மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007 இல் வெளியிட்ட 'கலா' தொகுப்பில் 1991 ஆம் ஆண்டின் 'தளபதி' படத்துப் பாடலொன்றின் பகுதியையும், 1982 ஆம் ஆண்டின் 'டிஸ்கோ டான்சர்' என்ற இந்திப் படப் பாடலையும் எடுத்தாண்டார். அத்தொகுப்பின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாடல் 2008 இல் 'ஸ்லம்டோக் மில்லியனயர்' படத்தினுட் சென்றது. அதே படத்துக்காக ஏ.ஆர். ரகுமானுடன் அவர் ஆக்கிய 'ஓ சாயா' ஒஸ்கார் பரிந்துரையும் பெற்றது. விருது விழா நடந்தது 2009 பெப்ரவரி 22 இல். பரந்தன் சந்தி படையினர் வசமாகி அப்பொழுது ஏழு வாரங்களே. அவ்வூர் மக்கள் விசுவமடுவையும் தாண்டிக் கிழக்கே, உயிரையும் ஓரிரு பைகளையும் மட்டும் சுமந்து, மாத்தளன் கரையிற் குவிந்திருந்தனர். இசைத்தட்டும் ஒலிநாடாவும் அவ்வழியிற் கைவிடப்பட்ட பொருள்களோடு போயின.

2021 இல் தீ, அறிவு ஆகியோர் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' திரைப்பட இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனின் இசையில், படம் எதனையும் சாராது வெளிவந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவின் மூதாதையரின் நினைவு அதில் உண்டு. மலையகத்தினின்று பெயர்ந்து வந்தோர் பெருந்தொகையாக வாழும் கிளிநொச்சி மாவட்டத்தில் அப்பாடலின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டில் யொஹானி டி சில்வா மறுபாடலாகப் பாடிய 'மெனிகே மகே ஹித்தே' என்ற சிங்களப் பாடல் இந்தியாவெங்கும் பரவி, 2022 இல் 'தாங்க் கோட்' என்ற இந்திப் படத்தில் 'மெனிகே' ஆயிற்று. சுராங்கனி கடல் கடந்து நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின் நிகழ்ந்த அதே பயணம் இது. இம்முறை படத்திலும் யொஹானியின் குரலே ஒலித்தது. எனினும் அப்பாடலை 2020 இல் முதலிற் பாடி வெளியிட்டவர் சதீஷன் ரத்நாயக்க.